மஞ்சள் அட்டையின் வரலாறு

ஆப்பிரிக்காவின் நடுப்பகுதிக்கோ தென்னமெரிக்காவின் வடபகுதிக்கோ தொழில் நிமித்தமாகச் செல்லும் நம்மவர், கடவுச்சீட்டும் விமானச்சீட்டும் கைக்கு வந்த பின்னரும் இன்னும் ஓர் ஆவணத்தைத் தேடிப் பெறவேண்டியவராக இருக்கின்றனர். மஞ்சள் நிற அட்டையிட்ட சிற்றேடு அது. மஞ்சட் காய்ச்சலுக்கு எதிரான தடுப்பூசியை இன்னார் இன்ன நாளில் இன்ன நிலையத்தில் போட்டுக்கொண்டார் என்று அரசு முத்திரையுடன் அது சான்று கூறும். ஊசி போட்டுக்கொண்ட பத்து நாட்களுக்குப் பின்னரே அச்சான்று செல்லுபடியாகும் என்பதைப் பயணத்திற்கு முந்திய வாரத்தில் அறிந்து பதைக்கும் குடும்பங்கள் நம் காலனிகளில் ஆண்டுதோறும் உண்டு. "நம் நாட்டில் பெயருக்கும் இல்லாத ஒரு நோய்க்காக இத்தனை கெடுபிடி எதற்கு?" என்று பெரியவர்களே வினவக் கேட்டிருக்கிறோம்.

அவ்வினாவிலேயே விடையும் அடங்கியிருக்கிறது. நம் நாட்டில் அந்நோய் இல்லாமையே இக்கெடுபிடிக்குக் காரணம். அயல்நாடு செல்வோருக்குப் போடப்படும் இவ்வூசி அவருடைய உயிரைக் காப்பது உண்மையே. ஆயினும், நம் அரசினர் அதனை இவ்வளவு கண்டிப்பாக வற்புறுத்துவது, அவர் திரும்பி வந்து இறங்கும் மண்ணைக் காப்பதற்காகவே. பயணியின் புயத்தில் ஏறும் மருந்து பாரத நாட்டின் வாயிற்கதவுக்கு இடும் தாழ் என்று சொன்னாலும் பொருந்தும். இந்தத் தாழ் எவ்வாறு உருவாயிற்று, எத்தனை உயிர்களைக் கொடுத்து இது பெறப்பட்டது என்பதைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் ஒரு மயக்கத்தை அகற்றிவிடுதல் நலம். மஞ்சட் காய்ச்சல் வேறு, மஞ்சட் காமாலை வேறு. கண்ணும் உடலும் மஞ்சள் பூத்தலைக் காமாலை என்கிறோம். அது பல நோய்களிலும் தோன்றும் ஓர் அறிகுறியே. கீழாநெல்லி கொடுத்துக் காமாலையை இறக்கிய பாட்டிமார்கள் மஞ்சட் காய்ச்சலைக் கண்டவர்களல்லர். இது கொசுவினால் பரவும் நுண்கிருமி நோய். கொசு கடித்த மூன்று முதல் ஆறு நாட்களுக்குள் காய்ச்சல், தலைவலி, முதுகுவலி, வாந்தி என்று தொடங்கும். பலருக்கு அவ்வளவில் நின்றுவிடும். சிலருக்கோ, ஓரிரு நாள் குணமானதுபோற் காட்டி, மீண்டும் காய்ச்சல் ஏறும். ஈரல் பழுதுற்று உடல் மஞ்சளாகும். வயிற்றினுள் கசிந்த குருதி கறுத்து வாந்தியாக வெளிப்படும். இந்நிலையை எய்தியவருள் பாதிப்பேர் பிழைப்பதில்லை. இசுபானியர் இதனைக் "கருவாந்தி" என்றே பெயரிட்டழைத்தனர். நோயை நேரே அழிக்கும் மருந்து இன்றளவும் இல்லை.

இந்நோயின் தாயகம் ஆப்பிரிக்கா. அங்கிருந்து அதனை உலகேற்றியது அடிமை வாணிகம். மேற்காப்பிரிக்கக் கரையில் மனிதரை விலைக்கு வாங்கி, கப்பலின் அடித்தட்டில் அடைத்து, அட்லாண்டிக் கடலைக் கடந்து கரும்புத் தோட்டங்களில் விற்ற வணிகர்கள், குடிநீருக்காகப் பெரிய மரப்பீப்பாய்களை ஏற்றிச் சென்றனர். அப்பீப்பாய் நீரில் கொசு முட்டையிட்டுப் பெருகிற்று. கொசுவும் நோயாளியும் ஒரே கப்பலில் பயணம் செய்தமையால், வாரக்கணக்கில் நீண்ட பயணத்திலும் நோய் அற்றுப்போகாமல் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றிக்கொண்டே சென்றது. 1647-ஆம் ஆண்டில் பார்படோஸ் தீவிலும், அடுத்த ஆண்டில் மெக்சிகோவின் யூக்கத்தான் பகுதியிலும் கொள்ளைநோயாக வெடித்தது. மனிதரை விலங்கிட்டுக் கொண்டு சென்றவர்கள் தங்கள் பண்டத்துடன் தங்கள் எமனையும் ஏற்றிச் சென்றார்கள்.

அதன்பின் இருநூற்றைம்பது ஆண்டுக்காலம் அமெரிக்கக் கண்டங்களின் வரலாற்றை எழுதிய கைகளுள் இந்நோயின் கையும் ஒன்று. 1793-ஆம் ஆண்டுக் கோடையில் அன்றைய அமெரிக்கத் தலைநகரான பிலடெல்பியாவில் இது புகுந்தபோது, ஏறத்தாழ ஐயாயிரம் பேர் மாண்டனர். அந்நகரின் மக்கட்டொகையில் அது பத்தில் ஒரு பங்கு. குடியரசுத் தலைவர் வாஷிங்டன் உட்பட அரசினர் பலரும் நகரை விட்டு வெளியேறினர். 1802-இல் ஹெயிட்டித் தீவின் விடுதலைப் போரை அடக்குவதற்கு நெப்போலியன் அனுப்பிய பெரும்படையை, எதிரியின் வாளினும் மிகுதியாக இக்காய்ச்சலே கொன்றது. படைத்தலைவனும் நெப்போலியனின் மைத்துனனுமான லெக்கிளேர் அதனாலேயே இறந்தான். அமெரிக்காவில் பேரரசு அமைக்கும் எண்ணத்தைக் கைவிட்ட நெப்போலியன், மறு ஆண்டில் லூயிசியானா நிலப்பரப்பை அமெரிக்கருக்கு விற்றுவிட்டான். சூயெஸ் கால்வாயை வெட்டிப் புகழ்பெற்ற லெசெப்ஸ், 1881-இல் பனாமாவிலும் கால்வாய் வெட்டப் புகுந்தார். மஞ்சட் காய்ச்சலும் மலேரியாவும் இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளரை வாரிக்கொண்டன. 1889-இல் அம்முயற்சி நொடித்துப்போயிற்று.

இவ்வளவு காலமும் நோய் எவ்வாறு பரவுகிறது என்பதை எவரும் அறிந்திலர். கெட்ட காற்று என்றனர் சிலர்; நோயாளியின் ஆடையும் படுக்கையும் என்றனர் வேறு சிலர். கியூபாத் தீவைச் சேர்ந்த கார்லோஸ் பின்லே என்னும் மருத்துவர் 1881-ஆம் ஆண்டில், கொசுவே இந்நோயைக் கொண்டு செல்கிறது என்று ஹவானா நகரத்து அறிஞர் கழகத்தில் உரைத்தார். இன்ன கொசு என்பதையும் சுட்டிக்காட்டினார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் சொல் அம்பலம் ஏறவில்லை. இதற்கிடையே 1897-இல் நம் செகந்தராபாத்தில், ரொனால்டு ராஸ் என்னும் இராணுவ மருத்துவர், மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வதைக் கண்டார். கொசுவைக் குறித்த ஏளனம் உலகில் குறைந்தது.

1900-ஆம் ஆண்டில் வால்ட்டர் ரீடு என்பவரின் தலைமையில் அமெரிக்க இராணுவ மருத்துவக் குழு ஹவானாவுக்கு வந்தது. கிழவராகிவிட்ட பின்லே தாம் வளர்த்த கொசு முட்டைகளை அவர்களிடம் ஒப்படைத்தார். அக்குழுவினர் ஒருவர் மீதும் பழி போடாமல் தங்கள் மேனியையே கொசுவுக்குக் கொடுத்தனர். ஜெசி லேசியர் என்ற இளம் மருத்துவர் அந்த ஆண்டு செப்டம்பர் 25-ஆம் நாள் இக்காய்ச்சலால் உயிர் நீத்தார். பின்னர் நடந்த சோதனை இன்றும் வியப்பூட்டுவது. கொசு புகாத ஒரு சிறு குடிலில், நோயாளிகளின் வாந்தியும் கழிவும் தோய்ந்த படுக்கைகளை விரித்து, மூவர் இருபது இரவு அவற்றின் மீதே படுத்துறங்கினர். அவருள் ஒருவருக்கும் காய்ச்சல் காணவில்லை. மற்றொரு குடில் மிகத் தூய்மையானது. நடுவே கம்பிவலை அடித்து இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஒருபுறம் நோயுண்ட கொசுக்களை விட்டனர். அப்புறத்தில் படுத்தவருக்குக் காய்ச்சல் கண்டது; வலைக்கு இப்புறத்தில் அதே காற்றை மூச்சிழுத்தவர் நலமாக இருந்தனர். அருவருப்பு வேறு, ஆபத்து வேறு என்பதை இதனினும் தெளிவாகக் காட்டிய சோதனை மருத்துவ வரலாற்றில் அரிது. இதன்பின் கோர்காஸ் என்னும் அதிகாரி ஹவானாவில் வீடு வீடாகத் தேங்கிய நீரைக் கவிழ்த்தும், தொட்டிகளை மூடியும் சில திங்களில் நோயை ஒழித்தார். பனாமாவிலும் 1906-க்குள் அவ்வாறே செய்தார். கால்வாய் 1914-இல் திறக்கப்பட்டது.

நம் நாட்டின் கவலை இங்குதான் தொடங்குகிறது. பனாமாக் கால்வாய் உலகுக்கு நன்மை, ஆசியாவுக்கு அச்சம். அதுவரை அமெரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து கீழ்நாடுகளுக்கு வரும் கப்பல், கண்டங்களைச் சுற்றிப் பல மாதம் வரவேண்டியிருந்தது. அத்தனை நாளில் கப்பலில் இருந்த நோய் தானே எரிந்து அணைந்துவிடும். கால்வாய் வழியே வரும் கப்பலுக்கோ நாட்கள் குறைவு. இந்திய மருத்துவப் பணியினரான எஸ். பி. ஜேம்ஸ் என்பவர் இவ்வபாயத்தை ஆராய்ந்து, மஞ்சட் காய்ச்சலினின்றும் இந்தியாவைக் காத்தல் குறித்து 1913-இல் எழுதி வெளியிட்டார். கால்வாய் திறக்கும் முன்னரே ஓர் அரசாங்கம் இவ்வளவு விழிப்புடன் இருந்தது பாராட்டத்தக்கதே. அன்றைய ஆட்சியினரின் கவலை மக்கள்மேற் கொண்ட அன்பினாலா, துறைமுக வாணிகத்தின்மேற் கொண்ட அன்பினாலா என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அவர்கள் அஞ்சியதற்குக் காரணம் நம் வீடுகளுக்குள்ளேயே இருந்தது, இன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் மஞ்சட் காய்ச்சலைப் பரப்பிய அதே கொசு, காலில் வெள்ளை வரியிட்ட ஏடிஸ் எகிப்தி, நம் ஊர்களிலும் வாழ்கிறது. அதற்குக் குளமோ சாக்கடையோ தேவையில்லை. மூடாத தண்ணீர்த்தொட்டி, பூச்சாடியின் தட்டு, மாடியிற் கிடக்கும் பழைய டயர், கோடை முடிந்தும் நீர் வடிக்காத கூலர் ஆகியவை போதும். பகற்பொழுதில் கடிக்கும். டெங்குக் காய்ச்சலைப் பரப்புவதும் இதுவே. தில்லியில் 1996-இல் பரவிய டெங்கு நானூற்றுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டதைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆப்பிரிக்காவில் முதன்முதல் அறியப்பட்ட சிக்குன்குனியா என்னும் மூட்டுவலிக் காய்ச்சல், 1963-இல் கல்கத்தாவிலும் 1964-இல் சென்னையிலும் புகுந்து தெருத்தெருவாக மக்களைப் படுக்கவைத்தது. அதனைச் சுமந்ததும் இக்கொசுவே. ஆப்பிரிக்க நோயொன்று கடல் கடந்து வந்து நம் நகரத்தில் குடியேற முடியும் என்பதற்கு அதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கொசு இருக்கிறது, வெப்பமும் மழையும் இருக்கின்றன, இந்நோயை ஒருபோதும் கண்டிராத, ஆதலால் எதிர்ப்பாற்றல் சிறிதுமில்லாத கோடானுகோடி மக்கள் இருக்கின்றனர். இல்லாதது கிருமி ஒன்றே. ஆசியாவில் அது ஏன் இதுவரை வேரூன்றவில்லை என்பதில் அறிஞர்க்குள் கருத்து வேற்றுமை உண்டு. டெங்கு வந்து போனவர்க்கு ஓரளவு காப்பு இருக்கலாம் என்பர் சிலர். அடிமைக் கப்பல்கள் மேற்கு நோக்கிச் சென்றனவேயன்றி, மேற்காப்பிரிக்காவிலிருந்து கிழக்கு நோக்கி அவ்வாறு வரவில்லை என்பர் வேறு சிலர். எது எப்படியாயினும், இயற்கை அளித்த இந்நற்பேற்றை நம்பி வாயிலைத் திறந்து வைக்க எந்த அரசும் துணியாது.

இனித் தடுப்பூசி பிறந்த கதைக்கு வருவோம். அதில் நம் நாட்டுக் குரங்குக்கு ஓர் இடம் உண்டு.

கொசுவே பரப்புகிறது என்பது தெரிந்தபின்னும், கிருமி எது என்பது தெரியவில்லை. ஜப்பானில் பிறந்து அமெரிக்காவில் ஆராய்ந்த ஹிதேயோ நொகுச்சி, தாம் கண்ட ஒரு பாக்டீரியாவே காரணம் என்று சாதித்து வந்தார். சோதனை செய்யலாமென்றால், எவ்விலங்குக்கும் இந்நோய் தொற்றவில்லை. ராக்கபெல்லர் நிறுவனத்தார் மேற்காப்பிரிக்காவுக்கு அனுப்பிய குழுவில் ஏட்ரியன் ஸ்டோக்ஸ் என்னும் அயர்லாந்து நாட்டறிஞர் இருந்தார். ஆப்பிரிக்கக் குரங்குகள் தலைமுறை தலைமுறையாக இந்நோயுடன் பழகியவை. அவற்றுக்குத் தொற்றவில்லையெனில் வியப்பில்லை. இந்நோயையே அறியாத ஆசியக் குரங்குக்குச் செலுத்திப் பார்த்தால் என்ன? 1927-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 30-ஆம் நாள், இன்று கானா என வழங்கும் பொற்கரை நாட்டில், அசிபி என்ற இருபத்தெட்டு வயது ஆப்பிரிக்கர் இலேசான காய்ச்சலுடன் இருந்தபோது அவரிடமிருந்து சிறிது குருதி எடுக்கப்பட்டது. ரீசஸ் வகைக் குரங்கு ஒன்றுக்கு அது செலுத்தப்பட்டது. வடநாட்டுக் கோயில்களிலும் இரயில் நிலையங்களிலும் நாம் காணும் செம்முகக் குரங்கின் இனமே அது. அக்குரங்கு மஞ்சட் காய்ச்சல் கண்டு மடிந்தது. அசிபி நலமடைந்தார்.

அந்த ஒரு துளிக் குருதியிலிருந்துதான் இன்று உலகெங்கும் போடப்படும் மஞ்சட் காய்ச்சல் தடுப்பூசியின் வழிமுறை தொடங்குகிறது. மருந்தைக் கண்டவர்க்குப் பரிசும் புகழும் கிடைத்தன. குருதி தந்த அசிபியின் பெயரோ ஆய்வாளர் வட்டத்தில் மட்டும் ஒரு கிருமியின் பெயராக நின்றுவிட்டது. அவருக்கு ஒரு சிலையேனும் எழுப்பியிருக்கலாம் என்று தோன்றுகிறது.

கண்டவர்களும் விலை கொடுத்தே கண்டனர். ஸ்டோக்ஸ் அதே ஆண்டு செப்டம்பரில் இக்காய்ச்சலுக்கே இரையானார். தம் கொள்கையை நிலைநாட்டுவதற்காக ஆப்பிரிக்கா வந்த நொகுச்சி, 1928 மே 21-ஆம் நாள் அக்ரா நகரில் அதே நோயால் மாண்டார். அவருடன் பணிபுரிந்த வில்லியம் யங் என்ற மருத்துவரும் சில நாட்களுக்குள் மறைந்தார். நொகுச்சியின் பாக்டீரியாக் கொள்கை நிற்கவில்லை. கிருமி பாக்டீரியா அன்று, வடிகட்டியிலும் நழுவிச் செல்லும் வைரஸ் என்பது துணியப்பட்டது. கொள்கை பிழைத்தாலும் அவர் துணிவு பிழையன்று. ஜப்பானியர் 2004-இல் வெளியிட்ட ஆயிரம் யென் தாளில் அவர் உருவத்தைப் பொறித்தனர்.

தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் பிறந்த மாக்ஸ் தெய்லர், விலையேறிய குரங்குக்கு மாற்றாக வெள்ளெலியின் மூளையில் இவ்வைரஸை வளர்க்கலாம் என்று 1930-இல் காட்டினார். ஆய்வின்போது அவருக்கும் இக்காய்ச்சல் தொற்றியது. நல்வினைப்பயனாக இலேசாக வந்து நீங்கிற்று. பின்னர் நியூயார்க்கு ஆய்வுக்கூடத்தில் அவரும் துணைவர்களும் அசிபியின் வைரஸைக் கோழிக்கருவின் திசுக்களில் ஒன்றன்பின் ஒன்றாக நூற்றுக்கு மேற்பட்ட முறை மாற்றி மாற்றி வளர்த்தனர். அவ்வாறு வளர்த்துக்கொண்டே போகையில் எங்கோ ஒரு கட்டத்தில் வைரஸின் நஞ்சு தணிந்தது. ஆனால், உடலில் எதிர்ப்பாற்றலை எழுப்பும் திறன் மட்டும் தணியவில்லை. அது ஏன் தணிந்தது என்று அன்று அவர்களாலேயே விளக்க இயலவில்லை. 17டி என்று பெயரிடப்பட்ட அவ்வகை 1937-இல் வெளியிடப்பட்டு, பிரேசில் நாட்டில் இலட்சக்கணக்கானோர்க்குப் போடப்பட்டது. தெய்லருக்கு 1951-இல் நோபெல் பரிசு கிடைத்தது. இன்று வழங்கும் மருந்தும் 17டி-யின் வழித்தோன்றலே. கோழிமுட்டையில் வளர்க்கப்படுவதால், முட்டை கடுமையாக ஒவ்வாதவர்கள் அதனை முன்னரே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். உயிருள்ள வைரஸ் ஆதலால், கைக்குழந்தைகளுக்கும் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கும் இதனைத் தவிர்ப்பர். அறுபதைக் கடந்தோர்க்கு ஆராய்ந்தே போடுவர்.

தடுப்பூசியின் பாதையும் முள்ளின்றி இருந்ததில்லை. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கப் படையினர்க்குப் போட்ட மருந்தில், அது கெடாமலிருக்க மனிதக் குருதிநீர் சேர்க்கப்பட்டிருந்தது. அக்குருதிநீர் சிலவற்றில் கல்லீரல் அழற்சிக் கிருமி இருந்தமையால், 1942-இல் ஏறத்தாழ ஐம்பதினாயிரம் படைவீரர் காமாலை கண்டு படுத்தனர். அதன்பின் குருதிநீர் சேர்க்கும் முறை கைவிடப்பட்டது. மஞ்சட் காய்ச்சலைத் தடுக்கப்போன மருந்து மஞ்சட் காமாலையைக் கொண்டுவந்த விந்தை இது.

தடுப்பூசி கிடைத்துவிட்டது, கொசுவை ஒழிக்கும் வழியும் தெரிந்துவிட்டது. இனி இந்நோயை உலகை விட்டே ஓட்டிவிடலாம் என்று அக்காலத்தார் எண்ணியதில் வியப்பில்லை. அவ்வெண்ணம் பிரேசில் காடுகளில் உடைந்தது. நகரக்கொசு இல்லாத காட்டோரச் சிற்றூர்களிலும் காய்ச்சல் தோன்றுவது 1930-களில் தெளிவாயிற்று. மரமேல் வாழும் குரங்குகளும் காட்டுக்கொசுக்களும் தமக்குள்ளேயே கிருமியைக் கைமாற்றிக்கொண்டு வாழ்கின்றன. மரம் வெட்டப்போகும் மனிதன் இடையிற் புகுந்து அதனை வாங்கி வருகிறான். பெரியம்மைக்கு மனிதனைத் தவிர வேறு வீடில்லை. ஆதலால் அதனை ஒழிக்க முடிந்தது. மஞ்சட் காய்ச்சலுக்கோ காடே வீடு. ஒழிக்க இயலாத நோயை எல்லையில் தடுப்பதொன்றே வழி.

கப்பலைக் குறித்த அச்சம் தணியுமுன் விமானம் வந்தது. கப்பலில் மாதக்கணக்கான வழி விமானத்தில் மணிக்கணக்காயிற்று. நோய் வெளிப்படுவதற்கு மூன்று முதல் ஆறு நாளாகும் என்று மேலே கூறினோம். அதற்குள் பயணி நலமாகவே வந்திறங்கி, உற்றார் உறவினருடன் உண்டு மகிழ்ந்து, அதன்பின் காய்ச்சலில் விழுவார். அவரை அவர் வீட்டுக் கொசு கடித்தால் முடிந்தது. இதனை முன்னிட்டே 1933-இல் வான்வழிப் போக்குவரத்துக்கெனத் தனிச் சுகாதார உடன்படிக்கை செய்யப்பட்டது. 1940-இல் சூடான் நாட்டின் நூபா மலைப்பகுதியில் பதினையாயிரம் பேருக்குமேல் இக்காய்ச்சல் கண்டு, ஆயிரத்தைந்நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். மேற்காப்பிரிக்க நோய் என்று கருதப்பட்டது செங்கடற் பக்கம் நகர்ந்துவிட்டதை உலகம் உணர்ந்தது. 1960 முதல் 1962 வரை எத்தியோப்பியாவில் பரவிய கொள்ளைநோயில் மாண்டவர் முப்பதினாயிரம் எனக் கணக்கிடுவர். அதே காலத்தில் நம்மவரின் ஆப்பிரிக்கத் தொடர்பும் வளர்ந்துகொண்டிருந்தது. ஏர் இந்தியா நிறுவனம் 1950-இல் பம்பாயிலிருந்து நைரோபிக்கு விமானம் விடத் தொடங்கியது. எத்தியோப்பியப் பள்ளிகளில் ஆசிரியப் பணிக்காகத் தென்னாட்டவர் பலர் குடும்பத்துடன் சென்றனர்.

உலக சுகாதார நிறுவனம் 1951-இல் வகுத்துப் பின்னாண்டில் நடைமுறைக்குக் கொண்டுவந்த பன்னாட்டுச் சுகாதார விதிகள், தடுப்பூசிச் சான்றிதழுக்கு ஒரே வடிவத்தை அளித்தன. அந்நாளில் வெளிநாடு செல்வோர் பெரியம்மை, காலரா, மஞ்சட் காய்ச்சல் ஆகியவற்றுக்கெல்லாம் சான்று பெறவேண்டியிருந்ததை மூத்தோர் அறிவர். காலராச் சான்று 1973-இல் விதியிலிருந்து நீங்கிற்று. பெரியம்மை 1980-இல் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டபின் அச்சான்றும் மறைந்தது. அன்றைய பட்டியலில் இன்று எஞ்சியிருப்பது மஞ்சட் காய்ச்சல் ஒன்றே.

இவ்விதிகளில் நம் நாடு காட்டும் கண்டிப்பு பெரிது. 2005-ஆம் ஆண்டின் புதிய விதிகளை ஏற்றபோதும், ஒரு நாட்டின் எந்த மூலையில் மஞ்சட் காய்ச்சல் கண்டதாக அறிவிக்கப்பட்டாலும், அந்நாடு முழுவதையும் நோயுற்ற நாடாகக் கருதும் உரிமையை இந்திய அரசு தனக்கென ஒதுக்கி வைத்துக்கொண்டது. அத்தகைய நாட்டிலிருந்து செல்லத்தக்க சான்றின்றி வருபவர் எவராயினும், ஆறு நாள் வரை கொசு புகாத தனியிடத்தில் வைக்கப்படுவார். அயலார் அமைச்சராயினும் நம்மவர் அறிஞராயினும் விலக்கில்லை. ஆறு நாள் என்பது நோய் வெளிப்படும் கால எல்லையே என்பதை அறிந்தால், அதிகாரியின் மீது எழும் சினம் ஓரளவு தணியக்கூடும். பயணிகள் இதனைப் பெருந்துன்பமென முறையிடுவது உண்டு. வீட்டு வாயிலில் உறவினர் மாலையுடன் காத்திருக்க, தாம் மட்டும் தனியறையில் இருத்தல் துன்பமே. ஆயினும், சென்னையோ தில்லியோ ஒருமுறை இந்நோய்க்கு இடங்கொடுத்தபின் உண்டாகும் துன்பத்தோடு வைத்து அதனை எடைபோடுதல் வேண்டும்.

இமயச் சாரலில் உள்ள கசௌலி மத்திய ஆராய்ச்சி நிலையம் இத்தடுப்பூசியை நம் நாட்டிலேயே தயாரித்து வந்திருக்கிறது. மத்திய அரசு குறித்துள்ள நிலையங்களில் மட்டுமே ஊசி போட்டுச் சான்று தருவர். தில்லியில் மந்திர் மார்க்கத்தில் உள்ள நிலையமும், சென்னையில் கிண்டி கிங் நிலையமும் பலரும் அறிந்தவை. வேறு மருத்துவர் நல்லெண்ணத்துடன் போட்டாலும் அச்சான்று எல்லையில் செல்லாது. வாரத்தில் குறித்த நாட்களில் மட்டுமே போடுகிறார்கள் என்று குறைப்படுவோர் ஒன்றை அறிதல் நலம். இம்மருந்து பலருக்குப் போதுமான அளவில் ஒரே குப்பியில் பொடியாக வருகிறது. நீர் சேர்த்துக் கரைத்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். ஒருவருக்காகக் குப்பியை உடைத்தால் மற்றவர் பங்கு வீணாகும்.

இத்தனை காவலும் வீண் அச்சமோ என்ற ஐயத்தை 2016-ஆம் ஆண்டு தீர்த்துவைத்தது. அங்கோலா நாட்டின் தலைநகரான லுவாண்டாவில் 2015 டிசம்பரில் தொடங்கிய மஞ்சட் காய்ச்சல், பல மாதம் பரவி நானூற்றுக்கு அண்மையில் உயிர்களைக் கொண்டது. அங்கே கட்டடத் தொழிலிலும் வாணிகத்திலும் சீனர் பல்லாயிரவர் இருந்தனர். அங்கோலாவுக்குள் நுழைவதற்கே தடுப்பூசிச் சான்று வேண்டும் என்பது சட்டம். இருந்தும் அவருள் பலர் ஊசி போட்டுக்கொள்ளாமலோ, காலங்கடந்து போட்டுக்கொண்டோ இருந்தனர். அவ்வாண்டு மார்ச்சு முதல் பதினொருவர் நோயுடன் விமானமேறிச் சீனாவில் வந்திறங்கினர். ஆசியக் கண்டத்தில் மஞ்சட் காய்ச்சல் உறுதி செய்யப்பட்டது அதுவே முதன்முறை. எஸ். பி. ஜேம்ஸ் அஞ்சி எழுதிய நூற்றுமூன்றாம் ஆண்டில் அவ்வச்சம் மெய்யாயிற்று. கால்வாய் வழியாக அன்று, வான்வழியாக. நோயாளிகளைச் சீன மருத்துவர் விரைவில் அறிந்து தனிமைப்படுத்தினர். கொசு மிகும் கோடையும் அப்போது முற்றவில்லை. ஆதலால் நோய் அங்கே பரவவில்லை.

அவ்வாண்டில் மற்றொன்றும் வெளிப்பட்டது. அவசரத்துக்கென உலகம் சேமித்து வைத்திருந்த தடுப்பூசி அறுபது இலட்சம் அளவே. அங்கோலாவுக்கும் அண்டை நாடான காங்கோவுக்கும் அது போதவில்லை. கின்ஷாசா நகரில் எழுபது இலட்சத்துக்கு மேற்பட்டோர்க்கு, வழக்கமான அளவில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் போட்டுச் சமாளித்தனர். இரு நகரங்களுக்கே இந்நிலை எனில், நோய் நம் நாட்டுக்குள் வந்துவிட்ட பின்னர் ஊசி போட்டுக்கொள்ளலாம் என்பார் கணக்குப் பார்த்துக்கொள்ளட்டும். பணம் கொடுத்துச் சான்றை மட்டும் வாங்கி ஊசியைத் தவிர்ப்பவர் ஆங்காங்கே உண்டு என்பது உலகறிந்த செய்தி. ஊசி நோவுக்கு அஞ்சியோ, விடுப்பு நாளை மிச்சப்படுத்தவோ அவ்வாறு செய்பவர், தம் குழந்தைகள் விளையாடும் முற்றத்துக்கே அந்நோயை அழைத்து வரக்கூடியவர்.

சான்றின் காலவரம்பு முதலில் ஆறு ஆண்டாகவும் பின்னர்ப் பத்து ஆண்டாகவும் இருந்தது. ஒருமுறை போட்ட ஊசியின் காப்பு பெரும்பாலோர்க்கு வாழ்நாள் முழுதும் நிற்கிறது என்று ஆராய்ந்து தெளிந்தபின், 2016 ஜூலை 11-ஆம் நாள் முதல் சான்றும் வாழ்நாள் முழுதும் செல்லும் என்று பன்னாட்டு விதி திருத்தப்பட்டது. அதற்கு முன் பெறப்பட்டு, பத்தாண்டு என்று எழுதியிருக்கும் சான்றுகளுக்கும் இத்திருத்தம் பொருந்தும். ஆகவே முன்பு லாகோசிலோ கம்பாலாவிலோ பணிபுரிந்து திரும்பிய அன்பர்கள், காலாவதியாயிற்று என்று எண்ணிப் பெட்டியடியில் போட்டுவைத்த மஞ்சள் அட்டையை எறிந்துவிட வேண்டா. பெயரும் பிறந்த தேதியும் கடவுச்சீட்டில் உள்ளவாறே அதில் இருக்கின்றனவா என்று மட்டும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்து, கடவுச்சீட்டுடன் சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.